ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது?

பிளஸ் ஒன் வேதியியலில் வேதிப்பிணைப்புகள் என்று ஒரு பாடம் வருகிறது. அதன் சிறிய வடிவத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். அணுக்கள் ஏன் சேர்கின்றன, எப்படிச் சேர்கின்றன என்பதுதான் பொருள். 1916-இல் அமெரிக்காவில் கில்பர்ட் லூயியும் ஜெர்மனியில் வால்தர் கோசலும் தனித்தனியே சொன்ன விளக்கத்திலிருந்து பாடம் தொடங்கும். ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுத்து இன்னோர் அணு வாங்கிக்கொண்டால் அயனிப் பிணைப்பு. ஆளுக்கு ஒன்று போட்டுப் பொதுவில் வைத்துக்கொண்டால் சகப்பிணைப்பு. ஒரே அணு இரண்டையும் போட்டு மற்றதோடு பகிர்ந்துகொண்டால் ஈதல் சகப்பிணைப்பு. நம் பகுதிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், மூன்று வரையறையையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

அணுக்களே சேர்ந்து வாழும்போது மனிதன் மட்டும் ஏன் பிரிந்து கிடக்கிறான் என்று இந்தப் பாடத்தை வைத்து ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் உண்டு. கைத்தட்டலும் கிடைக்கும். நாம் பேச வந்தது அதுவல்ல. இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் கையால் தொட்டுப் படிக்கிறார்களா என்பதுதான் நம் கேள்வி.

பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. பெயர்ப் பலகை மாறினாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் பாலாறு ஒன்றுதான், டேனரி வேலையும் ஒன்றுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துக் காலனிகளில் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ ஒருவராவது போகாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைதான் தேர்வில் 'ஈதல் சகப்பிணைப்புக்கு எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்விக்கு அம்மோனியம் அயனி என்று எழுதுகிறது. சரியான விடைதான். ஆனால் அப்பா நிற்கிற டிரம்முக்குள் காலை முதல் மாலை வரை நடப்பதும் அதே பிணைப்புதான் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

கொஞ்சம் விரிவாகவே சொல்வோம். விலங்கின் தோல் என்பது புரத இழைகளால் ஆனது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெந்நீரில் போட்டால் சுருண்டுவிடும். குரோம் உப்புக் கரைசலில் போட்டு டிரம்மைச் சுற்றும்போது, புரத இழையில் இருக்கும் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் இரட்டையைக் குரோமியத்துக்குக் கொடுக்கிறது. ஒரு குரோமியம் இந்தப் பக்கத்து இழையையும் அந்தப் பக்கத்து இழையையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழைக்கு இழை பாலம் விழுகிறது. அதன் பிறகு அந்தத் தோல் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. நீலமாக வெளியே வரும் அதைத்தான் 'வெட் ப்ளூ' என்கிறோம்.

குரோம் வருவதற்கு முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்தன. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் 1903 வாக்கில் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்கும்வரை இந்தப் பக்கமெல்லாம் பட்டைத் தோல்தான். ஆவாரம்பட்டையில் இருக்கும் டானின் என்ற பொருள் புரத இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் வலு குறைந்தது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் செருப்பாகிறது, பறையாகிறது, கவலை இறைக்கும் சாலுக்கான தோலாகிறது. நம் பாட்டன்மார்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. எந்தப் பட்டையை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும், தண்ணீரை எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரியும். ஊர் அந்த அறிவை வாங்கிக்கொண்டது, அறிவுடையவனைத் தீட்டு என்றது.

இன்னொன்றும் கவனியுங்கள். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பு முழுவதும் போய்விட்டதா என்று பார்க்க, தோலின் ஓரத்தை வெட்டி வெட்டுவாயில் ஒரு சொட்டு பினாப்தலீன் விடுவார்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு பாக்கி என்று அர்த்தம். குரோம் ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். இவை இரண்டும் முழுமையான வேதியியல் சோதனைகள். அதே பினாப்தலீனைத்தான் பிளஸ் டூ ஆய்வகத்தில் கூம்புக் குடுவையில் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தை இறக்கச் சொல்கிறார்கள். அப்பா பல ஆண்டுகளாகச் செய்யும் சோதனையைப் பிள்ளை மதிப்பெண்ணுக்காக ஒருமுறை செய்கிறது. பல பள்ளிகளில் அந்த ஒருமுறையும் நடப்பதில்லை.

பிளஸ் டூ வேதியியலுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15-உம் மொத்தத்தில் 35-உம் எடுத்தால் தேர்ச்சி. பள்ளிக்குத் தேர்ச்சி விகிதம் முக்கியம். ஆகவே செய்முறை மதிப்பெண்ணை வாரி வழங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. வாரி வழங்குவதில் நமக்கு வருத்தம் இல்லை, பிள்ளை தேறட்டும். ஆனால் எப்படியும் கொடுக்கப்போகும் மதிப்பெண்ணுக்கு ஆய்வகத்தை எதற்குத் திறக்க வேண்டும் என்ற நினைப்பு அதிலிருந்துதான் வருகிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பூட்டு திறக்கும். ஆசிரியர் மேசையில் ஒரு தடவை செய்து காட்டுவார், ஐம்பது பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். "ரெக்கார்டு நோட்டா, போன வருசத்து அக்காகிட்ட வாங்கிப் பார்த்து எழுதிட்டோம் சார்" என்று நம்மிடம் சொல்லும் பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்ல. பியூரெட் அளவீடு 10.2 என்று எழுதியிருக்கும். அந்த 10.2 எந்த ஆண்டில் யார் எடுத்த அளவீடோ!

நல்ல ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. சொந்தக் காசில் அமிலம் வாங்கி வைத்து, சனிக்கிழமையில் பிள்ளைகளை வரச்சொல்லும் ஆசிரியர்களை நமக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல இந்தப் பத்தியில் இடமில்லை. ஒரு நல்ல ஆசிரியர் மாற்றலாகிப் போனால் ஆய்வகமும் கூடவே போய்விடுகிறதே, அந்த நிலையைத்தான் குறை சொல்கிறோம்.

திறந்த ஆய்வகத்திலும் யார் கை பியூரெட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு மேசை. ஒருவன் பியூரெட்டைப் பிடிப்பான், ஒருவன் குடுவையைச் சுழற்றுவான், ஒருவன் குறித்துக்கொள்வான், ஒருவன் வேடிக்கை பார்ப்பான், ஒருவன் கழுவுவான். கடைசி இரண்டு இடமும் எந்தத் தெருப் பிள்ளைக்குப் போகிறது? எல்லாப் பள்ளியிலும் இப்படி என்று சொல்லமாட்டோம். ஆனால் பள்ளிக் கழிவறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் இன்னும் நின்றபாடில்லை. அந்த ஊர்களில் ஆய்வகம் மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று நம்புவதற்கு நமக்கு ஒரு காரணமும் இல்லை.

உடைந்தால் காசு என்ற ஒன்றும் இருக்கிறது. பிப்பெட் விழுந்து உடைந்தால் பணம் கட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் நூறு ரூபாயை எண்ணிச் செலவழிக்கிற பிள்ளை அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொடுமா? தள்ளி நின்று பார்த்தே இரண்டு வருடத்தைக் கழித்துவிடும். பிறகு கல்லூரிக்குப் போய் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தால், நகரத்துப் பள்ளியில் படித்த பிள்ளை சட்டென்று பிப்பெட்டை எடுத்து விரலால் மூடுவதைப் பார்த்து, தனக்கு மூளை குறைவு என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் குறைவாகக் கிடைத்தது பழக்கம்தான்.

வேதியியலைக் கையால் படிப்பது நம் பிள்ளைகளுக்கு ஏன் அவசரம் என்பதற்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய காரணம் இருக்கிறது.

உப்புப் பகுப்பாய்வில் சல்ஃபைடு சோதனை என்று ஒன்று உண்டு. உப்பில் நீர்த்த அமிலத்தைச் சேர்த்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும். லெட் அசிடேட்டில் நனைத்த தாளைக் குழாயின் வாயருகே காட்டினால் தாள் கறுக்கும். அந்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. டேனரியில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரும் அமிலத் தொட்டியின் கழிவுநீரும் ஒரே குழியில் கலந்தால் சோதனைக்குழாயில் நடந்ததே அங்கேயும் நடக்கும். மலக்குழியிலும் சாக்கடையிலும் அமிலம் ஊற்றவே தேவையில்லை, காற்றில்லாத சேற்றில் கிருமிகளே அந்த வாயுவை உண்டாக்கிவிடும்.

ஹைட்ரஜன் இரண்டு, கந்தகம் ஒன்று. இரண்டும் முப்பத்திரண்டும் முப்பத்து நான்கு. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஆக இந்த வாயு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் போய்த் தங்கும். மேலே நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, இறங்கியவர் விழுவார். இன்னும் கொடியது, அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். 'நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்' என்று நினைப்பது எத்தனை ஆபத்து என்று இதிலிருந்து புரியும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவர் என்று மூன்று உயிர் ஒரே குழியில் போன செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

குழியில் மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டப்படி அந்த வேலையை ஒழிப்பதுதான் தீர்வு, அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. இறங்கியவருக்கு அறிவு இல்லாததால் இறந்தார் என்று சொல்ல வரவில்லை. இறக்கியவர்தான் குற்றவாளி. ஆனால் லெட் அசிடேட் தாள் கறுப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டில் இருந்தால், நாளை யாராவது வந்து 'ஐந்து நிமிட வேலைதான், ஆயிரம் ரூபாய்' என்று அண்ணனைக் கூப்பிடும்போது குறுக்கே நிற்கும் தைரியம் அதற்கு வரும். வரையறையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்த வாயுவும் தன் தெருக் குழியும் ஒன்று என்று தோன்றவே தோன்றாது.

மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருக்கிறார்கள். கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டித் தேய்க்கிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வரும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் எதிரிப் படையின் மீது விட்ட நச்சு வாயு அதுதான். அம்மா இருமிக்கொண்டே வீட்டுக்கு வருவதற்குத் தூசு காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அயனிப் பிணைப்பின் கதை கிணற்றில் இருக்கிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்கச் சாதாரண உப்பைத்தான் தடவுகிறார்கள். தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் நீரில் இறங்குகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்துப் போனதும், தோல் கழிவு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயனில்லை, காய்ச்சியும் பயனில்லை. ஏனென்றால் உப்பு நீரில் தூளாகக் கிடப்பதில்லை. சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து தண்ணீரோடு தண்ணீராக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனைக்குழாயில் கிணற்றுத் தண்ணீரையும் இன்னொன்றில் மழைத் தண்ணீரையும் எடுத்து, இரண்டிலும் சில சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் தயிர் போல வெளுக்கும். இதற்கு ஆய்வகத்தில் பத்து நிமிடம் போதும். 'காய்ச்சிக் குடியுங்கள்' என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போகும் கிராம சபையில் எழுந்து நிற்க அந்தப் பத்து நிமிடம் போதும்.

கைக்கும் அறிவுக்கும் நடுவே சுவர் எழுப்பியது யார் என்று நாம் மட்டும் கேட்கவில்லை. இந்திய வேதியியலின் முன்னோடியான வங்காளத்துப் பிரபுல்ல சந்திர ராய், இந்து வேதியியல் வரலாறு என்ற தன் நூலின் முதல் பாகத்தை 1902-இல் வெளியிட்டார். பழங்காலத்தில் உலோகத்திலும் மருந்திலும் அத்தனை அறிவு இருந்த நாட்டில் அறிவியல் ஏன் படுத்துவிட்டது என்று அந்நூலில் அவரே கேட்டு, சாதிதான் காரணம் என்று விடையும் சொன்னார். படித்தவன் கையால் வேலை செய்வதை விட்டு விலகினான். கைவேலை முழுவதும் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் போனது. ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கம் செத்தது என்பது அவர் வாதம். ராய் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் அல்ல. ஆய்வகத்தில் வாழ்ந்த மனிதர், ஆகவே அவருக்கு அது தெரிந்தது.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவரிடம் படித்தவர் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. சாதியில் தாழ்ந்தவர் என்று சொல்லி, ஈடன் இந்து விடுதியின் பொதுச் சாப்பாட்டு அறையில் அவர் உட்காருவதைச் சக மாணவர்கள் எதிர்த்தார்கள். அணு எலக்ட்ரானை இழந்து அயனியாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை விண்மீன்களுக்குப் பொருத்தி, உலகப் புகழ் பெற்ற சமன்பாட்டை 1920-இல் தந்தது அந்தப் பிள்ளைதான்.

டேனரியையும் ஆவாரம்பட்டையையும் இத்தனை பேசியதால், அப்பன் தொழிலைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடு என்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி இந்த நாடு எதிர்த்தது, மறு ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். அதில் நம் நிலை மாறவில்லை. அப்பன் நின்ற டிரம்முக்கே பிள்ளையும் போவதற்கு வேதியியல் தேவையில்லை. அந்த டிரம்முக்குள் நடப்பதை அறிந்து, சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாகப் போகவோ, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் படிக்கவோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரியாக அதே டேனரிக்குள் நுழையவோ வேதியியல் தேவை. தோலே வேண்டாம் என்று மருந்தாளுநர் படிப்புக்குப் போனாலும் அதே ஆய்வகம் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இணைப்பது நல்லதா கெட்டதா என்று நம்மவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் அந்தப் பள்ளிகளின் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா, வாயு வெளியேற ஜன்னலோ மின்விசிறியோ இருக்கிறதா, ஆய்வக உதவியாளர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்பதுதான் நமக்கு முதலில் தெரிய வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஆய்வகம் என்று கால அட்டவணையில் எழுதியிருந்தால் அந்த இரண்டும் நடக்க வேண்டும். உடையும் கண்ணாடிக்குப் பள்ளி நிதியில் ஒதுக்க வேண்டும், பிள்ளையிடம் காசு கேட்கக்கூடாது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், வகுப்பறையில் மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்கச் சொன்னது. ஆய்வக மேசைக்கும் அதையே செய்யலாம். கழுவும் முறையும் சுற்றி வரட்டும். சோதனைக்குழாய் கழுவுவது மட்டமான வேலை இல்லை, சரியாகக் கழுவாத பியூரெட்டில் எந்த அளவீடும் சரியாக வராது. ஆகவே அதையும் எல்லாப் பிள்ளையும் கற்க வேண்டும், ஒரே பிள்ளை கற்றால் போதாது.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம், பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். பொருள் இருப்புப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருக்கும். எந்த அமிலம் எப்போது வாங்கியது, எவ்வளவு செலவானது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். நோட்டு கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசியாக அமிலம் செலவானது எந்தத் தேதியில் என்று பாருங்கள்.